காது வைத்த பவுண்கள்

இலங்கையில் தங்கத்தின் விலையைக் கிராமில் கேட்போர் குறைவு. "பவுண் இன்றைக்கு என்ன விலை?" என்பதே வழக்கமான கேள்வி. தமிழகத்தில் இதனையே சவரன் என்பார்கள். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு பவுண்ட் ஸ்டேர்லிங் மதிப்புக்கு இங்கிலாந்து வார்த்த ‘சவரின்’ என்னும் தங்க நாணயத்தின் எடை 7.98 கிராம். அந்த நாணயம் புழக்கத்திலிருந்து போய்த் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் எடை மட்டும் எட்டுக் கிராமாக முழுமை பெற்று நம் நகைக்கடைகளின் அளவையாக நிலைத்துவிட்டது. நாணயம் மறைந்து நிறைகல்லாகி நிற்கும் விந்தை இது.

நாணயம் சேர்ப்போரைப் பற்றி எழுதும்படி அன்பர் சிலர் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். குறைந்த வருவாயில் தங்க நாணயம் சேர்க்க முடியுமா என்பதும் அவர்கள் கேள்வி. இதற்கு விடை தேடி இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போகவேண்டியதில்லை. எங்கள் ஊவா மாகாணத்துத் தோட்டங்களுக்கு வந்தால் போதும். பசறை, மடுல்சீமை, நமுனுகுல, லுணுகலை, ஹாலி‑எல, அப்புத்தளை, பூனாகலை என்று மலைகள் தோறும் பரந்துகிடந்த லயன் காம்பராக்களில் ஒரு காலத்தில் இருந்த தங்க நாணயத் தொகுப்புக்கு ஈடான ஒன்றை எந்த அருங்காட்சியகமும் வைத்திருக்கவில்லை என்பது என் துணிபு. அதைச் சேர்த்தவர்கள் நாளொன்றுக்கு நாற்பத்து மூன்று சதம் வாங்கிய பெண்கள். அதனை எவரும் பட்டியலிடவில்லை, படம் பிடிக்கவுமில்லை. இன்று அதன் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது.

பதுளை தங்கத்துக்குப் புதிய ஊர் அன்று. மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பக்கத்தில் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட தூண் கல்வெட்டு ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில் உதய மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோப்பிட்டிகம என்ற சந்தையூரின் வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் கெடுபிடியைப் பற்றி முறையிட, மன்னன் இட்ட சந்தை விதிகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அளவையும் நிறையும் முறையாக இருக்கவேண்டும் என்பது முதல், வரி எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கலாகாது என்பது வரை அதில் உண்டு. நகைக்கடைக்காரர்கள் அதனை ஒருமுறையேனும் வாசித்துப் பார்ப்பது நல்லது.

அந்தக் காலத்தில் இலங்கையில் வழங்கியது ‘கஹவணு’ என்னும் தங்கக் காசு. ஏறத்தாழ 4.4 கிராம்; நம் கழஞ்சுக் கணக்கை ஒட்டியது. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும். அதன் அரை, கால், அரைக்கால் பங்குகளும் உண்டு. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் ‘ஈழக்காசு’ என்று பேசப்படுவது இந்த மரபைச் சேர்ந்த காசுதான் என்பது பொதுவான கருத்து. முதலாம் இராசராசனின் காசுகளில் காணப்படும் நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் இவற்றோடு ஒத்திருப்பதையும் அறிஞர் காட்டுவர். இலங்கை நாணயங்களைப் பற்றி இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டிய நூல், சிவில் சேவை அதிகாரியாயிருந்த எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் வெளியீடாகத் தந்தது. அதன் பெரும்பகுதி மன்னர்களைப் பற்றியது, அல்லது கொம்பனிகளைப் பற்றியது. லயத்துப் பெண்ணின் கழுத்தில் கிடந்த காசு அந்த நூலின் பொருளன்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது அவர் வேலையுமன்று.

இனி நம் மக்களின் கதைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்குத் தங்கத்தோடு உறவு குறைவு. பலர் ஊரில் இருந்த குண்டுமணித் தங்கத்தையும் ஈடு வைத்துவிட்டுக் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனோடுதான் கப்பலேறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகரத் துண்டு’ முறை வந்தது. தொழிலாளிக்குத் தகரத்தில் செய்த வில்லை ஒன்று தரப்படும். போய்ச் சேரவேண்டிய மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் வழிச்செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பின்னர் அது அவர் தலையில் கடனாக விழும். எங்கள் மக்களின் கழுத்தில் ஏறிய முதல் உலோக வில்லை தகரமே. இன்று வெளிநாட்டு ஏல நிறுவனங்கள் அந்தத் தகரங்களையும் சேகரிப்புப் பொருள்களாக விற்கின்றன. கொழும்புக் கோப்பி ஆலைகளில் கொட்டை பொறுக்கிய பெண்களுக்குக் கூலிக் கணக்காகக் கொடுக்கப்பட்ட செப்பு, பித்தளை வில்லைகளும் அப்படியே விலைபோகின்றன.

கூலி வெள்ளி ரூபாயில் கிடைத்தது. 1872இல் இலங்கையில் ரூபாவும் சதமும் முறையாக வந்தன. ஆனால் இந்திய வெள்ளி ரூபாயே அடித்தளம். இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்கவேண்டும். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெறும்; அதாவது ஒரு தங்கப் பவுணுக்குப் பத்து ரூபாய். உலகச் சந்தையில் வெள்ளி சரிய, 1890களின் நடுப்பகுதியில் ரூபாய் பதின்மூன்று பென்ஸ் அளவுக்கு இறங்கியது. பவுணுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல் கொடுக்கவேண்டி வந்தது. துரைமாரின் கோப்பியும் பின்னர் தேயிலையும் இலண்டனில் தங்கத்துக்கு விற்றன. கூலியோ வெள்ளியில். சதக் கணக்கில் கூலி குறையவில்லை. ஆனால் தங்கத்தில் அளந்தால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. எந்தத் துரையும் கூலியைக் குறைத்ததாக அறிவிக்கவில்லை. இதை அந்தக் காலத்துத் தோட்டக்காரர் சங்கங்கள் நன்றாக அறிந்திருந்தன. லயத்திலிருந்தவர்கள் பொருளியல் படித்தவர்கள் அல்லர். என்றாலும் வெள்ளி இறங்கும், தங்கம் இறங்காது என்ற பாடம் அவர்கள் எலும்புக்குள் ஏறியது இந்த இருபது ஆண்டுகளில்தான் என்று நினைக்கிறேன்.

காகிதத்தின் மீதும் நம்பிக்கை இல்லாமற்போனதற்குக் காரணம் உண்டு. அன்று நோட்டு அடித்தது அரசாங்கம் அன்று, தனியார் வங்கிகள். அவற்றுள் பெரியது ஒரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன். கோப்பியை ‘ஹெமிலியா’ என்னும் இலைத்துரு நோய் தின்று முடித்த வேளையில், 1884 மே மாதம் அந்த வங்கி கதவடைத்தது. அப்போது தேசாதிபதியாக இருந்த ஆர்தர் கோர்டன் வங்கியின் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்துப் பெருங்குழப்பத்தைத் தவிர்த்தார். அதற்குப் பிறகே அரசாங்க நோட்டு வந்தது. தேசாதிபதியின் அறிவித்தல் கொழும்பிலிருந்து ஊவா மலைக்கு வந்து சேர நாள் பிடிக்கும். அப்போது ரயில் நானு ஓயாவையே எட்டவில்லை. பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894இல்; பதுளைக்கு 1924இல். அந்த நாள்களில் கையில் நோட்டு வைத்திருந்தவனின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

பவுண் நாணயம் தோட்டங்களுக்குள் வந்த வழி இதுதான் என்று ஒரே கோடாகக் காட்ட முடியாது. 1899இல் இந்தியா அதனைப் பதினைந்து ரூபாய் மதிப்புள்ள சட்டபூர்வ நாணயமாக்கியது. இலங்கையிலும் அதே மதிப்பே நிலவியது. அவுஸ்திரேலியத் தங்க வயல்களின் பயனாக சிட்னி, மெல்பேர்ன், பேர்த் நாணயச்சாலைகளில் பவுண்கள் குவிந்தன. அங்கிருந்து மேற்கே போன கப்பல்கள் கொழும்பைத் தொட்டுச் சென்றன. செட்டியார் தெருவில் அவை கைமாறின. முதலில் அவற்றை வாங்கியவர்கள் பெரிய கங்காணிகள். ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவர்களுக்குக் கிடைத்த ‘பென்ஸ்காசு’, கடனுக்கு வட்டி, கடை வருமானம் எல்லாம் சேர்ந்து, தலைப்பாகையும் கோட்டும் கடுக்கனும் அணிந்த அந்தப் பிரமுகர்களின் மனைவியர் கழுத்தில் காசுமாலையாகக் கனத்தன. பழைய புகைப்படங்களில் இந்தக் காட்சியைக் காணலாம். தொழிலாளியின் கழுத்துக்கு அது வர இன்னும் சில காலம் சென்றது.

1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று மனிதரைச் சீட்டுக்குக் கைமாற்றிய கொடுமை அது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறி, 1929 தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. அப்போது ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸுக்கு நிறுத்தப்பட்டிருந்ததால், பவுணின் நேர்மதிப்பு 13 ரூபா 33 சதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெண் ஒருத்தி முப்பத்தொரு நாள் கொழுந்து பறித்தால் ஒரு பவுண். ஆணுக்கு இருபத்தைந்து நாள்.

அரிசி, கங்காணிக் கடன், சலவை, முடிதிருத்தல், கோவில் வரி என்று பிடித்தது போக அவள் கைக்கு வந்தது எவ்வளவு என்பது வேறு கதை. ஆகவே ஒரு மாதக் கூலி ஒரு பவுண் என்பது ஏட்டுக் கணக்கு. நடப்பில் ஒரு பவுண் சேர்க்க மூன்று வருடமும் ஆகும், ஐந்து வருடமும் ஆகும். லயத்துப் பின்புறத்துக் கோழி, பங்குக்கு வளர்த்த கன்று, காய்கறிப் பாத்தி, ‘கைக்காசுக்கு’ப் பறித்த கூடுதல் கொழுந்து ஆகியவைதாம் பவுணாயின. அதற்குமேல் இருந்தது சீட்டு. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு ரூபா கட்டினால் மாதம் ஒருத்திக்குப் பன்னிரண்டு ரூபா. அதில் ஒன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேல் கூட்டினால் பவுண். யார் முதலில் எடுப்பது என்பதில் சண்டை வந்திருக்கிறது, உறவு முறிந்திருக்கிறது. ஆனால் எழுத்தறியாத அந்தப் பெண்கள் நடத்திய சீட்டு, ஒரியண்டல் பேங்கைப் போல ஒரே நாளில் கதவடைக்கவில்லை.

இப்படிச் சேர்த்த காசை அவர்கள் பெட்டியில் வைக்கவில்லை. பதுளைக்கோ பசறைக்கோ கொண்டுபோய்ப் பத்தரிடம் கொடுத்து அதன் தலைப்பக்கத்தில் சிறு வளையம் ஒன்றைப் பொடி வைத்து ஒட்டிக்கொண்டார்கள். அதற்குக் ‘காது வைத்தல்’ என்று பெயர். தாலிச்சரட்டில் இருபுறமும் ஒவ்வொரு காசு. வசதியிருந்தால் நடுவே இன்னும் இரண்டு. வாங்க முடியாதவர்கள் வெள்ளி ரூபாய்க்குப் பொன்முலாம் பூசிக் கட்டிக்கொண்டதும் உண்டு. என் அப்பாயியின் கழுத்தில் அப்படி இரண்டு பவுண் கிடந்தது. அதன் ஒருபுறத்தில் இருந்தவரை அவர் ‘ராசா’ என்பார். மறுபுறத்தில் குதிரைமீதிருந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜோர்ஜை, சற்றும் தயங்காமல், ‘நம்ம முனியாண்டி’ என்பார். 1817இல் இலண்டனில் அந்தச் சித்திரத்தைச் செதுக்கிய இத்தாலியச் சிற்பி பிஸ்ட்ரூச்சி இதைக் கேட்டிருந்தால் வருந்தியிருக்கமாட்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பவர்கள் உண்டு. வங்கியில் போட்டிருக்கலாமே, அஞ்சலகச் சேமிப்பு 1885 முதலே இருந்ததே என்பார்கள். அஞ்சலகம் இருந்தது. ஆனால் பகல் முழுதும் மலையில் நிற்பவளுக்கு, கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு, பத்துமைல் தொலைவிலுள்ள அஞ்சலகம் எதற்கு? இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவள் குடியிருந்த காம்பரா அவளுடையதன்று. காய்கறி போட்ட நிலமும் அவளுடையதன்று. உறுதிப் பத்திரம் என்ற ஒன்றை அவள் பரம்பரை கண்ணால் கண்டதில்லை. அவசரத்துக்கு அடகு வைக்கக்கூடிய சொத்து அவளிடம் ஒன்றே ஒன்றுதான். அது கழுத்தில் கிடந்தது. மற்றவருக்குத் தங்கம் ஆபரணம். தோட்டத்துப் பெண்ணுக்கு அதுவே காணி உறுதி.

அந்த உறுதியை அவள் எப்போதெல்லாம் விற்றாள் என்று தொகுத்தால் அது மலையகத்தின் சரித்திரமாகவே இருக்கும். 1931 செப்டெம்பரில் பிரித்தானியா தங்க நாணய முறையைக் கைவிட்டது. தங்கத்தின் விலை ஏறிற்று. அதே வேளையில் தேயிலை விலை சரிந்து கூலி வெட்டப்பட்டது. இந்தியாவின் கிராமங்களிலிருந்து மூட்டை மூட்டையாகத் தங்கம் வெளியேறிய அதே ஆண்டுகளில் எங்கள் பக்கத்துப் பவுண்களும் வெளியேறின. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா‑சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தானது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதரைக் கூறு போட்டார்கள். மண்டபத்தில் இறங்கியவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வேறெங்கெங்கோ போய்ச் சேர்ந்தபோது, பலருக்கு முதல் ஆறு மாதச் சோறு இந்தப் பவுணிலிருந்துதான் வந்தது.

அதனினும் கொடியது 1973‑74. அரிசியும் மாவும் அரிதாகி, பங்கீடு குறைக்கப்பட்டு, தோட்டங்களில் வேலை நாள்களும் சுருங்கிய அந்தப் பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள் என்பதை இந்தத் தலைமுறை அறியவேண்டும். பித்தளைக் குடம், செம்பு, அண்டா எல்லாம் கிராமத்துக்குப் போய் மரவள்ளிக்கிழங்காகத் திரும்பின. அவற்றின் முன்னும் பின்னும் போனது தங்கம். எங்கள் வீட்டில் அப்பாயியின் ஒரு காசு அந்த ஆண்டில்தான் போயிற்று. எனக்கு நினைவு தெரியாத வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். எத்தனை கொத்து அரிசிக்கு என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

1983 ஜூலை 27ஆம் நாள் பதுளை எரிந்தது. கொழும்பு எரிந்த மூன்று நாள்களுக்குப் பிறகும் அமைதியாக இருந்த நகரம் அது. முற்பகலில் கடைவீதியில் தொடங்கிய தீ, மாலைக்குள் பண்டாரவளை, ஹாலி‑எல, வெலிமடை, இரவுக்குள் லுணுகலை என்று பரவியது. தமிழர் கடைகள் அழிந்தன. நகைக்கடையில் எரிந்தது கடைக்காரரின் சொத்து மட்டுமன்று. மெருகுக்கும் பழுதுக்கும் கொடுத்தது, ஈட்டுக்கு வைத்தது என்று அதற்குள் தோட்டத்தாரின் பொருளும் இருந்தது. துண்டுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? அந்த நாள்களில் நான் பள்ளிச் சிறுவன். மீந்திருந்த ஒரு பவுணை அப்பாயி அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து வைத்திருந்தார் என்பது நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகு நானும் நாணயம் சேர்க்கத் தொடங்கினேன். நிருபரின் சம்பளம் வாசகர் அறியாததன்று. இருபத்தைந்து ஆண்டுகளில் என்னிடம் சேர்ந்திருப்பவை ஆறு பவுண்கள், இரண்டு அரைப்பவுண்கள், ஒரு கைப்பிடிக்குள் மறையும் சில தங்கப் பணங்கள். இவ்வளவும் எப்படி என்று கேட்டால், காரணம் அந்தக் ‘காது’தான்.

சேகரிப்போர் உலகில் காது வைத்த காசுக்கு மதிப்பில்லை. பொடி வைத்த தழும்பு விளிம்பில் இருக்கும். வளையத்தைக் கழற்றினாலும் போகாது. வியாபாரி அதனைக் கையிலெடுத்ததும் முகம் சுளிப்பார். இலண்டன் ஏலப் பட்டியல்களில் இத்தகையவற்றை ‘முன்பு நகையில் இருந்தது’ என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிடுவார்கள். விளைவு, அரிய நாணயச்சாலைக் குறி இருந்தாலும் அது தங்கத்தின் விலைக்கே கிடைக்கும். பளிங்குபோல் மின்னும் காசுக்குப் பணக்காரர் கொடுக்கும் மேலதிக விலையை நாம் கொடுக்கவேண்டியதில்லை. வரலாற்றைத் தேடுபவனுக்குத் தழும்பு குறையுமன்று. எந்தக் கையும் படாமல் வங்கிப் பெட்டகத்தில் நூறாண்டு உறங்கிய பவுண் எனக்கு எதைச் சொல்லும்?

வாங்க விரும்புவோர் முதலில் ஒரு நல்ல தராசு வாங்குங்கள். புதிய பவுண் 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீற்றர், தங்கம் 22 கரட். தேய்ந்து 7.94 கிராமுக்குக் கீழே போனால் அன்று சட்டப்படி செலாவணித் தகுதியே இழந்துவிடும். கழுத்தில் கிடந்தவை பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். எடை கூடினாலும் மகிழவேண்டாம். அது பொடியின் எடை. அளவும் எடையும் தங்கமும் சரியாக இருந்தும் பொய்க்காசாக இருப்பது உண்டு. 1950, 60களில் பெய்ரூட்டில் அடித்த போலிகள் இப்படிப்பட்டவை. அரசாங்கத்தை ஏமாற்ற அன்று, நகைச் சந்தையின் தேவைக்காக அடிக்கப்பட்டவை. எழுத்துகள் மழுங்கி, குதிரையின் பிடரிமயிர் சேறுபோல் இருந்தால் ஐயப்படுங்கள்.

தேடவேண்டியது நாணயச்சாலைக் குறியை. குதிரையின் காலடித் தரையில், ஆண்டுக்கு மேலே, ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பேர்ன், பி பேர்த், சி ஒட்டாவா, எஸ்‑ஏ பிரிட்டோரியா. எழுத்தே இல்லையென்றால் இலண்டன். ‘ஐ’ என்ற எழுத்து இருந்து ஆண்டு 1918ஆக இருந்தால் அது பம்பாய். அந்த ஓராண்டுக் குறியோடு மட்டும் அங்கே ஏறத்தாழ 13 லட்சம் பவுண்கள் அடிக்கப்பட்டன. என்னிடமுள்ள ஆறில் ஒன்று பம்பாய், மூன்று பேர்த். காது வைத்த காசுகளை மட்டும் பார்த்தே, தங்கம் எந்தக் கடல் வழியாக எங்கள் மலைக்கு ஏறியது என்று ஓரளவு வரைபடம் போட்டுவிடலாம். வரலாற்று மாணவர் யாராவது நூறு அடகுக்கடைகளில் இதைச் செய்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும். ஆனால் விரைந்து செய்யவேண்டும்.

அதற்கும் பணம் போதாதவர்கள் தென்னிந்தியத் தங்கப் பணங்களைத் தேடலாம். வீரராயன் பணம் என்று வழங்குவது ஒரு குண்டுமணியைவிடச் சற்றே பெரிது. ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம். ஒரு காலத்தில் சேரநாட்டுச் சந்தைகளில் மிளகுக்குக் கைமாறியவை. ஊசிமுனை அளவுக் கோடுகளும் புள்ளிகளும்தான் அதன் சித்திரம். தவறி விழுந்தால் அன்றைய பொழுது தரையில் தவழ்வதிலேயே போய்விடும்; எனக்கு அந்த அனுபவம் உண்டு. கஹவணுவை ஆசைப்படாதீர்கள். விலை ஒருபுறம், தோண்டியெடுத்துத் திருட்டுத்தனமாக விற்கப்படும் காசு எது என்று நமக்குத் தெரியாது. தொல்பொருளைச் சேர்ப்பவன் தொல்லியலுக்குக் கேடு செய்யக்கூடாது.

ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடகு மூழ்கினால் பொருள் ஏலத்துக்கு வரும். என் ஆறு பவுண்களில் நான்கு அப்படி மூழ்கிய பொருள்கள் கைமாறி வந்தவை. ஒன்றில் பழைய சிவப்பு நூல் வளையத்தோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் ஊறிய நூல். விற்றவரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டேன். "அதெல்லாம் யார் எழுதி வைக்கிறது ஐயா" என்றார். அந்த நூலை நான் கழற்றவில்லை.

இன்று தோட்டத்தில் காசு பார்ப்பது அரிது. எண்பதுகள் முதல் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்கள் அங்கிருந்து கொண்டுவந்த இருபத்தொரு கரட் சங்கிலியும் வளையலும் காசின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய பவுணை உருக்கித் தோடு செய்வது பெருவழக்காயிற்று. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது அந்தத் தோடும் அடகுக்குப் போனது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தின் மலைகள் மறுபடியும் இறங்கின. சேறு மூடிய காம்பராக்களில் என்னென்ன புதைந்தன என்பதற்கு இழப்பீட்டுப் படிவத்தில் இடமில்லை. வீட்டுக்கே உறுதி இல்லாதவர், தகரப்பெட்டிக்குள் இருந்த தங்கத்துக்கு எதைக் காட்டுவார்?

1929இன் கணக்கை நான் இப்போதும் அவ்வப்போது போட்டுப் பார்ப்பதுண்டு. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இருபத்திரண்டு கரட் தங்கம் பவுண் ஒன்று ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபா அளவில் இருந்தது. 140 நாள் வேலை. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் பவுண் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. கூலி அதே 1350. ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 260 நாள். பல தோட்டங்களில் மாதத்துக்கு இருபது நாளும் வேலை கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கும் மேல். அப்பாயி காலத்தில் முப்பத்தொரு நாள்.